அப்பாவுக்கு ஏஎஃப்: மாத்திரையா, ஷாக்கா, அப்லேஷனா?

அரசலாற்றங்கரை | ஞாயிறு, காலை 7:40

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 69 வயது. போன மாதம் கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்தோம். அதற்கு முன் எடுக்கும் ஈசிஜியைப் பார்த்துவிட்டு, ‘முதலில் இதய டாக்டரைப் பாருங்கள்’ என்று அனுப்பிவிட்டார்கள். எக்கோ, தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் எல்லாம் எடுத்தாயிற்று. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏஎஃப் என்கிறார்கள், இதயத் துடிப்பின் தாளம் தப்பிப்போகும் நோயாம். வால்வில் குறை இல்லை, பம்பிங் 58 சதவீதம், இடது மேலறை மட்டும் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறதாம். பிபியும் சுகரும் பத்து வருடமாக உண்டு.

அப்பாவைக் கேட்டால் ‘எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்கிறார். அம்மா சொல்லித்தான் தெரிந்தது, ஆறேழு மாதமாக மொட்டை மாடிக்கு ஏறும்போது நடுத் திருப்பத்தில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே போகிறாராம். வயதாகிவிட்டது என்று இருவரும் விட்டிருக்கிறார்கள்.

முதலில் பார்த்த டாக்டர் ரத்தம் உறையாமலிருக்க அப்பிக்ஸபான் 5 காலை ஒன்று இரவு ஒன்று, துடிப்பின் வேகத்தைக் குறைக்க மெட்டோப்ரோலால் 50 காலையில் ஒன்று எழுதி, ‘இதைத் தொடருங்கள், போதும்’ என்றார். திருச்சியில் இன்னொருவரிடம் காட்டினோம். அவர் ‘அப்லேஷன் செய்துவிடலாம், மூன்றரை லட்சம் ஆகும்’ என்றார். இதயத்துக்குள் குழாய் விட்டு, கோளாறு கிளம்பும் இடத்தைச் சுடுவதாம். சொந்தத்தில் ஒரு டாக்டர் இருக்கிறார், அவர் ‘நெஞ்சில் ஒரு மின்ஷாக் கொடுத்துத் தாளம் திரும்புகிறதா என்று பார்க்கச் சொல்’ என்கிறார். மூன்று பேரும் படித்தவர்கள்தான், பார்த்ததும் ஒரே ஈசிஜி. பதில் மட்டும் எப்படி மூன்றாகிறது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மதுரை_பைபாஸ் | ஞாயிறு, காலை 8:15

அண்ணே, யோசிக்கவே யோசிக்காதீங்க, அப்லேஷன் செஞ்சிடுங்க. எனக்கு 41 வயதில் திடீர் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், துடிப்பு 180, 190 என்று போகும். ஒருமுறை அவசரப் பிரிவில் துடிப்பை அடக்க அடினோசின் ஊசி போட்டார்கள். அந்தச் சில நொடி இருக்கிறதே, உயிர் கிணற்றுக்குள் இறங்கி ஏறின மாதிரி! அப்புறம் அப்லேஷன். மறுநாள் வீடு. ஆறு வருடம் ஆகிறது, ஒரு மாத்திரை கிடையாது.

கேத்லாப்_கோவை | ஞாயிறு, காலை 11:02

பைபாஸ் தம்பி, உங்களுக்கு இருந்தது எஸ்விடி, திடீரென்று துடிப்பு வேகமெடுக்கும் வேறொரு கோளாறு. படபடப்பு என்ற பெயர் ஒன்றுதான், நோய் வேறு. எஸ்விடியில் பெரும்பாலும் மின்சாரம் ஒரு சின்ன வளையத்துக்குள் மாட்டிக்கொண்டு சுற்றும். அந்த வளையத்தில் ஓர் இடத்தைச் சுட்டால் கதை முடிந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குமேல் குணமாவதை நானே பார்த்திருக்கிறேன். ஏஎஃப்பில் அப்படி ஒற்றை வளையம் கிடையாது.

நான் டாக்டர் இல்லை. 14 வருடமாகக் கேத்லாப் டெக்னீஷியன், அதாவது இதயத்துக்குள் குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் அறையில் வேலை, ஈசிஜி ஓடும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தே முடி நரைத்தவன். எனக்குத் தெரிந்த அளவு சொல்கிறேன்.

அரசலாற்றங்கரை என்றால் கும்பகோணத்துக்காரராகத்தான் இருப்பீர்கள், அதனால் தவிலை வைத்தே சொல்லலாம். சிலருக்கு இடையில் ஒரு துடிப்பு முந்தி விழும், ஒரு சின்ன இடைவெளி வரும், அப்புறம் பழைய தாளத்தில் வந்து சேர்ந்துவிடும். கைதேர்ந்த தவில்காரர் விளையாட்டுக்கு ஒரு அடியைத் தள்ளிப் போட்டாலும் சமத்துக்கு, அதாவது தாளம் தொடங்கும் அடிக்கு, வந்து நிற்கிற மாதிரி. அது பெரும்பாலும் பயப்படுகிற விஷயமில்லை. ஏஎஃப்பில் சமமே கிடையாது. மேலறையில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின்பொறிகள் தாறுமாறாகக் கிளம்புகின்றன. மேலறை சுருங்குவதில்லை, நடுங்குகிறது. நடுவில் ஏவி நோடு என்று ஒரு சுங்கச்சாவடி இருப்பதால் எல்லாம் கீழே போவதில்லை. சாவடியைத் தாண்டி வருகிறவை மட்டும் கீழறையைத் துடிக்க வைக்கின்றன, அதுவும் ஒழுங்கில்லாமல். அப்பாவின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணிப் பாருங்கள், நான் சொல்வது விரலுக்கே புரியும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூன்று டாக்டரும் ஒரே கேள்விக்கு மூன்று பதில் சொல்லவில்லை. வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

பெரிய கேள்வி பக்கவாதம். மேலறை சுருங்காமல் நடுங்கினால் ரத்தம் தேங்கும். இடது மேலறையில் காது மாதிரி ஒரு சின்னப் பை தொங்குகிறது. வால்வு நன்றாக இருப்பவர்களுக்கு ரத்தக்கட்டி உருவானால் பத்தில் ஒன்பது முறை அந்தப் பைக்குள்தான். அது கழன்று மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏஎஃப் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை, அதனால் மதிப்பெண் போட்டுப் பார்ப்பார்கள். இதயம் பலவீனமாக இருந்தால் ஒன்று, பிபிக்கு ஒன்று, சுகருக்கு ஒன்று, ரத்தக்குழாய் அடைப்பு இருந்தால் ஒன்று, வயது 65 ஆனால் ஒன்று, 75 ஆனால் இரண்டு, முன்பே பக்கவாதம் வந்திருந்தால் இரண்டு. பெண் என்றால் ஒன்று சேர்த்துக்கொண்டிருந்தார்கள், 2024 ஐரோப்பிய வழிகாட்டுதலில் அதை எடுத்துவிட்டார்கள். உங்கள் அப்பாவுக்கு பிபி, சுகர், வயது, மொத்தம் மூன்று. இரண்டு வந்தாலே ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எழுதுவார்கள். ஆக, அப்பிக்ஸபானைப் பற்றி மூன்று டாக்டருக்கும் கருத்து வேறுபாடு இருக்க வாய்ப்பே இல்லை. கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது வேகம். அதற்குத்தான் மெட்டோப்ரோலால். சும்மா இருக்கும்போது 110க்குக் கீழே இருந்தால் பலருக்குப் போதும் என்று 2010இல் நெதர்லாந்தில் ஒரு ஆய்வு காட்டியது.

தாளத்தைத் திருப்பிக் கொண்டுவருவதா வேண்டாமா என்பது கடைசிக் கேள்வி. ஷாக்கும் அப்லேஷனும் அங்கேதான் வருகின்றன. டாக்டருக்கு டாக்டர் மாறுவதும் அங்கேதான். இரவு டியூட்டி முடிந்து வந்து எழுதுகிறேன்.

ஓய்வு_தலைமையாசிரியர் | ஞாயிறு, மாலை 4:30

இந்த ரத்தம் உறையாத மாத்திரையெல்லாம் எலிமருந்து என்று என் மைத்துனர் சொல்கிறார். அவர் நிறுத்திவிட்டு, தினமும் நாலு பல் பூண்டும் ஒரு ஆஸ்பிரினும் சாப்பிடுகிறார். திடகாத்திரமாக இருக்கிறார். வயிற்றில் ரத்தக்கசிவு வந்தால் யார் பொறுப்பு? தம்பி அவசரப்பட வேண்டாம்.

கேத்லாப்_கோவை | திங்கள், காலை 9:20

ஐயா, எலிமருந்து விஷயம் பாதி உண்மை, அந்தக் கதையும் சுவாரசியமானது. 1920களில் வட அமெரிக்காவில் மாடுகள் காரணம் தெரியாமல் ரத்தம் கசிந்து செத்தன. பூஞ்சை பிடித்த ஒரு தீவனப் பயிர்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். 1933இல் ஒரு விவசாயி, உறையாத மாட்டு ரத்தத்தைப் பால் கேனில் எடுத்துக்கொண்டு பனிப்புயலில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே கார்ல் லிங்க் என்பவரின் ஆய்வகத்தில் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் பிறந்ததுதான் வார்ஃபரின். 1948இல் எலிமருந்தாக வந்தது, 1954இல் மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது. மறுவருடம் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். மருந்தா விஷமா என்பது அளவைப் பொறுத்தது, அதற்குத்தான் மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. அது போகட்டும், அப்பிக்ஸபான் வார்ஃபரினே இல்லை. வேறு வகை, எலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆஸ்பிரினைப் பற்றி: வார்ஃபரின் சாப்பிட முடியாத 5,599 ஏஎஃப் நோயாளிகளுக்கு, பாதிப் பேருக்கு ஆஸ்பிரின், பாதிப் பேருக்கு அப்பிக்ஸபான் கொடுத்துப் பார்த்தார்கள். 2011இல் முடிவு வந்தது. அப்பிக்ஸபான் பக்கம் பக்கவாதம் பாதிக்கும் கீழே. பெரிய ரத்தக்கசிவு இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆஸ்பிரின் பாதுகாப்பு தருவது கொஞ்சம், ரத்தக்கசிவு மட்டும் அப்பிக்ஸபான் அளவுக்கே. உங்கள் மைத்துனர் திடமாக இருப்பது சந்தோஷம். பக்கவாதம் வரும் முந்தின நாள்வரை எல்லோரும் திடமாகத்தான் இருப்பார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். தாளத்தைத் திருப்ப வேண்டுமா என்று நெடுநாள் சண்டை. 2002இல் அஃபர்ம் என்ற ஆய்வு, 4,060 பேர். வேகத்தை மட்டும் அடக்கினாலும் தாளத்தைத் திருப்பினாலும் உயிரிழப்பில் லாபம் தெரியவில்லை. அதற்கப்புறம் பல வருடம் ‘வேகத்தை அடக்கு, போதும்’ என்பதுதான் பேச்சு. உங்கள் முதல் டாக்டர் அந்தப் பள்ளிக்கூடமாக இருக்கலாம். 2020இல் ஜெர்மானியர்கள் முன்னின்று நடத்திய ஈஸ்ட் ஆய்வு வந்தது, 2,789 பேர். நோய் தெரிந்து ஒரு வருடத்துக்குள் தாளத்தைத் திருப்ப முயன்றவர்களுக்கு இதயம் தொடர்பான இறப்பு, பக்கவாதம், இதயம் மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்வது எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் குறைவு. அவர்களில் பெரும்பாலோருக்கு மாத்திரைதான். இரண்டு வருடத்தில் ஐந்தில் ஒருவருக்குத்தான் அப்லேஷன் நடந்தது. உங்கள் திருச்சி டாக்டர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன். உங்கள் அப்பாவுக்கு இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை, மூச்சும் வாங்குகிறது.

ஆனால் அஃபர்மில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அதில் பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் வார்ஃபரினை நிறுத்தியவர்கள், அல்லது ரத்தத்தில் அளவு போதாதவர்கள். தாளம் சரியாகிவிட்டதே என்று மாத்திரையை விட்டிருக்கிறார்கள். அப்லேஷன் செய்தாலும் உங்கள் அப்பாவின் வயது 69தான், பிபி பிபிதான், சுகர் சுகர்தான். அந்த மூன்று மதிப்பெண்ணை எந்த அப்லேஷன் குழாயும் சுட்டு அழிக்காது.

மல்லிகைப்பந்தல் | திங்கள், மதியம் 1:10

அண்ணா எழுதியதைப் படித்தேன். ஒரு விஷயம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் இதைப் படித்துவிட்டுத் தப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

நான் திண்டுக்கல் பக்கம், வயது 46. சின்ன வயதில் ருமேட்டிக் காய்ச்சல் வந்து இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது. பலூன் வைத்து விரித்தார்கள். 34 வயதில் ஏஎஃப் வந்தது. நான் சாப்பிடுவது அசிட்ரோம், வார்ஃபரின் வகைப் பழைய மாத்திரை. ‘புது மாத்திரை வந்திருக்கிறது, கீரைப் பத்தியம் இல்லை, ரத்தம் குத்த வேண்டாம்’ என்று தெரிந்தவர்கள் சொல்ல, ஆசையாக டாக்டரிடம் கேட்டேன். ‘உனக்கு அது கிடையாது’ என்றார். என்னைப் போல மைட்ரல் வால்வு சுருக்கம் இருந்தாலும் உலோக வால்வு வைத்திருந்தாலும் பழைய மாத்திரைதான். என்னைப் போன்ற ருமேட்டிக்காரர்கள் 4,500 பேருக்கு மேல் சேர்ந்த ஆய்வு 2022இல் வந்ததாம், இந்தியாவிலும் நடந்தது. புதுசான ரிவரோக்ஸபானைவிடப் பழைய மருந்து சாப்பிட்டவர்களிடம்தான் இறப்பு குறைவு. டாக்டர்களே எதிர்பார்க்காத முடிவு என்றார்.

அதனால் என் வாழ்க்கை பிடி ஐஎன்ஆர் சீட்டில் ஓடுகிறது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் பரிசோதனை அது. எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒரு ஆடி மாதம் மாமியார் வீட்டில் பத்து நாள் முருங்கைக்கீரை. கூழுக்கும் கீரை, சாதத்துக்கும் கீரை. திரும்பி வந்து பார்த்தால் 1.3. கீரையே கூடாது என்று நிறுத்தினேன், அடுத்த மாதம் 3.8, பல் தேய்த்தால் ரத்தம். அப்புறம்தான் ஒரு நர்ஸ் அக்கா சொன்னார்: ‘கீரையை விடாதே, வாரத்துக்கு இத்தனை என்று ஒரே அளவாகச் சாப்பிடு, அதற்கேற்ப மாத்திரையை நாங்கள் வைக்கிறோம்.’ இப்போது செவ்வாய், வெள்ளி, ஒரு கரண்டி. வேறு ஏதாவது ஆன்டிபயாடிக் எழுதினால் உடனே ‘நான் அசிட்ரோம்’ என்று சொல்லிவிடுவேன், பெயர் சொல்வதற்கு முன்னால்!

தம்பியின் அப்பாவுக்கு வால்வு நன்றாக இருக்கிறது, கொடுத்து வைத்தவர். அந்த எக்கோ ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள்.

வாட்ச்_வாங்கலாமா | திங்கள், மாலை 6:05

ஸ்மார்ட் வாட்சில் ஏஎஃப் தெரியுமாமே, நம்பலாமா?

கேத்லாப்_கோவை | திங்கள், மாலை 6:50

சந்தேகப்பட நம்பலாம், முடிவு கட்ட நம்பக்கூடாது. 2019இல் வந்த ஆப்பிள் வாட்ச் ஆய்வில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். எச்சரிக்கை வந்தது அரை சதவீதம் பேருக்கு. அவர்களில் நெஞ்சில் ஈசிஜிப் பட்டை ஒட்டிப் பார்த்தவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் அந்த நாட்களில் ஏஎஃப் தெரிந்தது. வந்து வந்து போகும் நோய் என்பதும் ஒரு காரணம். வாட்ச் சொன்னால் ஒரு ஈசிஜி எடுங்கள்.

ஈசூன்_புளோக் | செவ்வாய், காலை 6:30

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். அப்லேஷன் பற்றி என் அனுபவம் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒருமுறையில் முடியவில்லை.

எனக்கு 53. வந்து போகிற வகை. சனிக்கிழமை நண்பர்களோடு பீர், இரவு இரண்டு மணிக்கு நெஞ்சுக்குள் மீன் துள்ளுகிற மாதிரி இருக்கும். காலையில் தானாக அடங்கும். தாளத்தைப் பிடித்து வைக்க ஃப்ளெக்கனைடு மாத்திரை கொடுத்தார்கள், ஒரு வருடம் ஓடியது. (மாரடைப்பு வந்த இதயத்துக்கு இந்த மருந்து கூடாது. 1989இல் ஒரு ஆய்வில் அப்படிப்பட்டவர்களுக்குக் கொடுத்து இறப்பு கூடியதாம். எனக்கு முதலில் அடைப்பு இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் எழுதினார்கள்.) மறுபடி வர ஆரம்பித்ததும் அப்லேஷன். நுரையீரலிலிருந்து வரும் நாலு ரத்தக்குழாய்கள் இடது மேலறையில் சேரும் வாயைச் சுற்றித் தசையைத் தழும்பாக்கி, மின்சாரம் தாண்டாதபடி வேலி போடுகிறார்கள். ஏஎஃப்பைத் தூண்டும் பொறிகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன என்று 1998இல் பிரான்சின் போர்தோ நகரத்து டாக்டர்கள் கண்டுபிடித்ததுதான் இதற்கெல்லாம் தொடக்கம். எனக்கு முதல்முறை குளிரவைத்துச் செய்தார்கள். தொடை வழியாகக் குழாய், மேலறைகளுக்கு நடுவில் இருக்கும் சுவரில் ஊசியால் ஓட்டை போட்டு இடது பக்கம் போவார்கள். கேட்கும்போதே வயிறு கலங்கியது.

முதல் சில வாரம் துடிப்பு தடுமாறினால் கணக்கில் எடுக்க வேண்டாம், புண் ஆறுகிறது என்றார்கள். எட்டாவது மாதம் நிஜமாகவே திரும்பி வந்தது. அப்போதுதான் டாக்டர் வேறு ஒன்று கேட்டார்: ‘குறட்டை விடுவீர்களா?’ மனைவி சிரித்துவிட்டாள். தூக்கப் பரிசோதனை செய்ததில் மூச்சு நின்று நின்று வருவது தெரிந்தது. இரவில் முகமூடி இயந்திரம். பீரை நிறுத்தினேன். எடை 94இலிருந்து 83. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் செய்த ஆய்வில், எடையில் பத்து சதவீதம் குறைத்து அதைக் காப்பாற்றியவர்களுக்கு ஏஎஃப் இல்லாமல் இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்கு கூடியிருந்தது. இதை முதல் அப்லேஷனுக்கு முன்னால் யாராவது அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. இரண்டாவது முறை, வேலியில் இருந்த இரண்டு ஓட்டைகளை மின்துடிப்பு முறையில் அடைத்தார்கள். இந்த முறையில் இதயத் தசைதான் முக்கியமாகச் சாகும், பின்னால் இருக்கும் உணவுக்குழாய்க்குச் சேதம் குறைவு. ஒன்றே முக்கால் வருடமாக நிம்மதி.

ரத்த மாத்திரையை எனக்கு நிறுத்திவிட்டார்கள். எனக்கு பிபி மட்டும்தான், மதிப்பெண் ஒன்று. தம்பியின் அப்பாவோடு என்னை ஒப்பிட வேண்டாம்.

ஆபத்து பற்றியும் கேளுங்கள். இதயத்தைச் சுற்றி ரத்தம் சேர்வது அரிதாக நடக்கும், நடந்தால் உடனே ஊசி போட்டு எடுக்க வேண்டும். அதனால் ‘இங்கே வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?’ என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

அரசலாற்றங்கரை | செவ்வாய், இரவு 9:45

எல்லோருக்கும் மிக்க நன்றி. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன் கேத்லாப் சார். மழைத்தண்ணீர் தகரத்தில் விழுகிற மாதிரி இருந்தது. பிபி மெஷின் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு காட்டியதன் காரணமும் இப்போது புரிகிறது.

இரண்டு சந்தேகம். அப்பிக்ஸபான் 5 இன்று கடையில் இல்லை. 2.5 இருக்கிறது, வயதானவர்தானே, அதில் ஒன்று போதும் என்று கடைப் பையன் கொடுத்துவிட்டான். சரியா? இன்னொன்று, காப்பி. அப்பாவுக்கு டிகிரி காப்பி இல்லாமல் விடியாது. எல்லோரும் நிறுத்தச் சொல்கிறார்கள். வீட்டில் மூன்று நாளாக அதுதான் பெரிய பிரச்சினை, ஏஎஃப் இரண்டாம்பட்சம்.

கேத்லாப்_கோவை | செவ்வாய், இரவு 10:10

2.5 பற்றி உடனே சொல்லிவிடுகிறேன். இன்று இரவு வேளைக்கு 2.5இல் இரண்டு போட்டால்தான் 5. காலையில் டாக்டருக்குப் போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அளவைக் குறைக்க ஒரு கணக்கு உண்டு. வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல். இந்த மூன்றில் இரண்டு இருந்தால்தான் 2.5. ‘வயதானவர்தானே’ என்பதெல்லாம் கணக்கில் வராது. இந்தத் தவறு நிறைய நடக்கிறது, டாக்டர் சீட்டிலேயேகூட. குறைந்த அளவில் ரத்தக்கசிவு பயம் போய்விட்டதாக நினைப்பார்கள், பக்கவாதத் தடுப்பும் கூடவே போய்விடும்.

காப்பியை விடச் சொல்ல வேண்டாம். 2025இல் 200 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது, ஷாக் கொடுத்துத் தாளம் திரும்பியவர்கள். பாதிப் பேர் காப்பி குடித்தார்கள், பாதிப் பேர் அறவே விட்டார்கள். குடித்தவர்களுக்குத்தான் ஏஎஃப் திரும்புவது குறைவு. தினம் ஒரு கப்பாவது என்ற கணக்கு, டபரா டபராவாக இல்லை. சர்க்கரை போடாமல் கொடுங்கள்.

நல்லூரான் | புதன், காலை 5:55

நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருந்தேன், எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். 2.5 கதையை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மாவுக்கு 73 வயது. வார்ஃபரின் குளிசை ஐந்து வருடமாக எடுத்துக்கொண்டிருந்தவர். கிளினிக்குக்கு ஒழுங்காகப் போவார், கொப்பியில் ஐஎன்ஆர் எழுதி வைப்பார். ஒரு பல்லுப் பிடுங்க வேண்டி வந்தது. ‘இரத்தம் நிற்காது, ஒரு கிழமை குளிசையை நிற்பாட்டுங்கோ’ என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். யாரிடமும் கேட்கவில்லை. பல்லுப் பிடுங்கியாயிற்று. பிறகு கோயில் கொடியேற்றம், வீடு நிறைய ஆட்கள். திரும்பத் தொடங்க வேணும் என்ற நினைவு ஒருவருக்கும் வரவில்லை.

பதினோராம் நாள் விடிய, அம்மா குசினியில் இருந்தார். தேத்தண்ணிக் கோப்பையை எடுக்க வலக்கையை நீட்டினார். கை கோப்பைக்குப் பக்கத்தில் போய் மேசையில் விழுந்தது. அவர் கையைப் பார்த்தார், பிறகு கோப்பையைப் பார்த்தார், பிறகு இடக்கையால் எடுத்துக் குடித்தார். நான் எதிரில்தான் இருந்தேன். கை விறைத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன். என் பெயரைச் சொல்ல வந்து சொல்ல முடியாமல் குழறியபோதுதான் விளங்கியது.

இப்போது நடக்கிறார். வலக்கை இன்னும் முழுசாக வரவில்லை, பேச்சு மெதுவாக. பிறகு கிளினிக்கில் கேட்டேன். ஒரு பல்லுக்கு நிற்பாட்டவே தேவையில்லையாம், ஐஎன்ஆர் அளவில் இருந்தால் பஞ்சை வைத்து அழுத்தினால் காணும் என்றார்கள். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் குளிசைப் பெட்டியை நான்தான் நிரப்புகிறேன்.

மதுரை_பைபாஸ் | புதன், காலை 8:00

அண்ணே, முதலில் நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் நல்லூரான் அண்ணே.

ஓய்வு_தலைமையாசிரியர் | புதன், காலை 10:25

மைத்துனரை நாளை நானே டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். பூண்டு இருக்கட்டும், அது அவர் இஷ்டம்.

அரசலாற்றங்கரை | ஐந்து வாரம் கழித்து, சனி, மாலை 5:15

என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள். முதல் டாக்டரிடமே திரும்பப் போனோம், கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு. கேத்லாப் சார் சொன்னதுபோல அப்பிக்ஸபான் விஷயத்தில் மூவருக்கும் சண்டையே இல்லை. ‘மாடி ஏற மூச்சு வாங்குவது ஏஎஃப்பாலா வயதாலா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது, தாளத்தை ஒருமுறை திருப்பிப் பார்ப்போம்’ என்றார். மூன்று வாரம் ஒரு வேளைகூட விடாமல் மாத்திரை. பெட்டியை நான் நிரப்பினேன், அப்பா எண்ணிச் சரிபார்த்தார். எடை 58 கிலோ, ஆனால் வயதும் கிரியாட்டினினும் கணக்கில் வரவில்லை, ஆகவே 5தான்.

போன வியாழன் ஷாக். கொஞ்ச நேரம் தூங்கவைத்தார்கள். நான் வெளியே காப்பி வாங்கி வருவதற்குள் முடிந்துவிட்டது. ஈசிஜித் தாளை என்னிடம் காட்டினார்கள். ஒவ்வொரு பெரிய கோட்டுக்கு முன்னாலும் ஒரு சின்ன மேடு வந்திருந்தது, பழைய தாளில் அந்த இடத்தில் வெறும் நெளிநெளியாக இருக்கும். நெஞ்சில் இரண்டு இடத்தில் தோல் சிவந்திருக்கிறது, கற்றாழை தடவுகிறார்.

ஷாக் தாளத்தைத் திருப்புமே தவிரப் பிடித்து வைக்காது, திரும்பி வரலாம் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். தாளத்தைப் பிடித்து வைக்க அமியோடரோன் மாத்திரை, மூன்று மாதத்துக்கு மட்டும். அது தைராய்டையும் நுரையீரலையும் கெடுக்கக்கூடியது என்பதால் நீளமாகக் கொடுக்க விருப்பமில்லை என்றார். அதற்கப்புறம் வந்தால் அப்லேஷனைப் பற்றிப் பேசலாம், அதுவும் நல்ல வழிதான் என்றார்.

நேற்று அப்பா தண்ணீர்த் தொட்டி நிறைந்ததா என்று பார்க்க மாடிக்குப் போனார். நான் கீழே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். நடுத் திருப்பத்தில் செருப்புச் சத்தம் நிற்கவில்லை.

இப்போது புதுச் சிக்கல். கண்புரைக்கு அடுத்த வாரம் தேதி கிடைத்திருக்கிறது. அங்கே ‘ரத்த மாத்திரையை ஐந்து நாள் நிறுத்திவிட்டு வாருங்கள்’ என்கிறார்கள்.

கேத்லாப்_கோவை | சனி, மாலை 5:40

ஷாக்குக்கு அப்புறம் நாலு வாரம் மாத்திரை ஒரு வேளைகூட விடக்கூடாது. தாளம் திரும்பினாலும் மேலறை உடனே முழுபலத்தோடு சுருங்காது, ரத்தக்கட்டி வர இதுதான் மோசமான காலம். கண்ணில் சொட்டு மருந்து விட்டு மரத்துப்போகச் செய்து எடுக்கும் கண்புரைக்குப் பொதுவாக மாத்திரையை நிறுத்துவதே இல்லை. கண் டாக்டருக்கு ஷாக் கொடுத்த விஷயம் தெரியுமா? இரண்டு டாக்டரையும் போனில் பேச வையுங்கள்.

நல்லூரான் | சனி, மாலை 5:52

தம்பி, நிற்பாட்ட வேண்டாம்.

அரசலாற்றங்கரை | சனி, இரவு 8:20

பேசிவிட்டார்கள் அண்ணே. கண் ஆபரேஷன் அடுத்த மாதம் 20ஆம் தேதி, மாத்திரையோடயே. அப்பாவுக்கு ஒரே கோபம், பஞ்சாங்கத்தில் அன்றைக்குச் சந்திராஷ்டமமாம்.